மதராசபட்டினம்: துரையம்மா லவ்வு நெசமா, இல்ல துரைமாருக்கு சுண்ணாம்பு அடிச்ச கதையா?

ஏழாங்கட்டை
ஞாயிறு, காலை 8.10

நேத்து ராத்திரி நம்ம மலேசியா, சுங்கை சிப்புட் தாமான் மண்டபத்துல பசங்க வெள்ளத்துணி கட்டி புரொஜெக்டர்ல மதராசபட்டினம் போட்டாங்கல்ல, அத பாத்துட்டு கோப்பிக்கடையில ஆரம்பிச்ச சண்ட, கடக்காரன் நாற்காலிய எல்லாம் மேச மேல கவுத்த பொறவும் முடியல. அதான் இங்க எழுதறேன், தூக்கம் வரல.

பாக்காதவங்களுக்கு கத இதான். 2010-ல வந்த படம், டைரக்டர் ஏ.எல். விஜய். சுதந்திரத்துக்கு முந்தின மெட்ராஸ். கவர்னர் மக எமி, துணி வெளுக்குற பையன் பரிதி, ரெண்டு பேருக்கும் லவ்வு. 1947 ஆகஸ்ட் 15 ராத்திரி பிரிஞ்சிடுறாங்க. அறுவது வருசம் கழிச்சி கெழவியாகி, ஒடம்பு முடியாம, பழைய போட்டோ ஒண்ணையும் ஒரு தாலியையும் எடுத்துக்கிட்டு பேத்தியோட லண்டன்லேர்ந்து அவன தேடி வரா. கடசியில கெடக்கிறது அவனோட சமாதி. அங்கயே அவளும் போய் சேந்துடுறா.

மண்டபத்துல பாதி பேரு மூக்க சிந்திக்கிட்டு இருந்தாங்க. நான் சொல்றது என்னன்னா இது பொய்லா. அழகா எடுத்த பொய். நம்மள்லாம் ரப்பர் தோட்டத்துல பொறந்தவங்க, துரைன்னா யாருன்னு நமக்கு யாரும் படம் போட்டு காட்ட வேண்டியதில்ல. துரை வீட்டு புள்ளைங்க ஆறு ஏழு வயசானா படிக்க சீமைக்கு கப்பல் ஏத்திடுவாங்க, பதினெட்டு வயசு துரை மக லயத்துப் பக்கம், கூலிக்காரங்க வீட்டு வரிசப் பக்கம் வந்து எவன் துணி தொவைக்கிறான்னு வேடிக்க பாத்த கத எந்த தோட்டத்துலயாவது உண்டா? நடந்தது எல்லாம் அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம்தான். சின்ன துரைங்களுக்கு மொத காண்ட்ராக்ட் முடியிற வரைக்கும் கல்யாணம் கட்ட கம்பெனி விடாது, அப்ப பங்களாவுக்கு யாரு போனாங்க, யாரு வயித்துல புள்ளையோட திரும்பி வந்தாங்கன்னு லயத்துல எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய தொறக்க மாட்டாங்க. அந்த புள்ளைங்கள தேடி அறுவது வருசம் கழிச்சி எந்த துரை தாலி தூக்கிட்டு வந்தான்?


சிப்புட்காரி
ஞாயிறு, காலை 9.32

ஏழாங்கட்டை அண்ணே, நேத்து கோப்பிக்கடைக்கு நான் வரல, வந்திருந்தா அங்கயே பதில் சொல்லிருப்பேன்.

நீங்க சொன்ன தோட்டத்து கதைல நான் ஒரு வார்த்த கூட மறுக்கல. ஆனா எமி நம்ம தோட்டத்து துரை மக இல்லயே. அவ மெட்ராஸ்ல வளந்த புள்ளயே இல்ல, சீமையிலேர்ந்து புதுசா வந்து எறங்கினவ. யாரு பக்கத்துல நிக்கலாம், யாரு தள்ளி நிக்கணும்ங்கிற கணக்கு அவளுக்கு இன்னும் சொல்லிக் குடுக்கல. அதனாலதான் அந்த லவ்வே ஆரம்பிக்குது. பத்து வருசம் பங்களாவுல இருந்திருந்தா அவளும் அவங்கப்பன் மாதிரிதான் ஆகியிருப்பா.

அப்பறம் மொழி. ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பேசறது ஒருத்தருக்கு புரியல, நடுவுல மொழிபெயர்ப்பாளர் நம்பி. கொச்சின் ஹனீபா, மனுசன் படம் ரிலீசாகுறதுக்கு முன்னாடி 2010 பிப்ரவரியிலயே போயிட்டாரு, அந்த சிரிப்ப பாக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி ஆயிடும். லவ்வுன்னா பக்கம் பக்கமா வசனம் பேசணும்னு இருந்த தமிழ் சினிமாவுல ரெண்டு பேரும் பேச முடியாம நிக்கிற படம் இது. அத விட்டுட்டு சரித்திர பரிட்ச பேப்பர் திருத்துற மாதிரி உக்காந்துட்டீங்க.


டுரியான் ராசா
ஞாயிறு, காலை 9.50

டைட்டானிக்க தமிழ்ல எடுத்துருக்காங்க, இதுக்கு போயி எதுக்கு இவ்ளோ சண்ட. கெழவி பழச நெனச்சி பாக்குது, ஏழப்பையன், பணக்காரப்பொண்ணு, கெட்டவன் மாப்ள, தண்ணில முடியுது. கப்பலுக்கு பதிலா கூவம் 😂


சிப்புட்காரி
ஞாயிறு, காலை 9.58

தம்பி நீ போயி பரிட்சைக்கு படி.


பழைய புரொஜெக்டர்
ஞாயிறு, மதியம் 1.15

டுரியான் சொன்னது தப்பு இல்ல, அந்த ஒப்பீடு படம் வந்தப்பவே எல்லாரும் சொன்னதுதான். ஆனா ஒளிப்பதிவு நீரவ் ஷா, பாட்டு ஜி.வி. பிரகாஷ், அந்த ரெண்டுக்கே தனியா டிக்கெட் குடுக்கலாம். அந்த கூவத்த பாருங்க, படகு போற கூவம், ஓரத்துல துணி காயுது. இன்னிக்கு அத தாண்டிப் போகணும்னா மூக்க பொத்தணும். நான் மெட்ராஸ் போனப்ப சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்ட அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னேன், பின்னாடி ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சி திட்டுறான். படத்துல எமியும் பரிதியும் ஒளிஞ்சி இருந்த எடம்ல. டிராம் வேற காட்டுறாங்க, அது செட்டு, நெசமான மெட்ராஸ் டிராம் 1953-லயே நின்னு போச்சி.

இப்ப ஏழாங்கட்டைக்கு ஒரு குண்டு எடுத்துக் குடுக்கறேன், சிப்புட்காரி என்ன அடிக்க வரக்கூடாது. படத்துல கவர்னர் பேரு வில்கின்சன். அது கற்பனை, பரவால்ல. நெசத்துல 1946-லேர்ந்து மெட்ராஸ் கவர்னர் சர் ஆர்ச்சிபால்ட் நை. விஷயம் என்னன்னா அந்த ஆளு 1947 ஆகஸ்ட் 15-க்கு அப்பறமும் மூட்ட கட்டல. 1948 செப்டம்பர் வரைக்கும் அங்கயேதான் கவர்னரா இருந்தாரு. சுதந்திர இந்தியாவுல, வெள்ளக்கார கவர்னர்.

படத்தோட ரெண்டாவது பாதி முழுக்க ஓட்டம்தான், விடியறதுக்குள்ள இங்கிலீஷ்காரங்க எல்லாரும் கெளம்பியாகணும், அவளையும் இழுத்துட்டுப் போயிடுவாங்கன்னு. அந்த கெடுவே கெடயாது. அவ அப்பாவுக்கு இன்னும் ஒரு வருசத்துக்கு மேல வேல இருந்துருக்கு.


ஏழாங்கட்டை
ஞாயிறு, மதியம் 1.40

பாத்தீங்களா!! இதான் நான் நேத்து சொல்ல வந்தேன், வாயில வரல.

நம்மூர எடுத்துக்கங்க. 1957 ஆகஸ்ட் 31 மெர்டேக்கா, நம்ம சுதந்திரம். எங்க தாத்தா சொல்லுவாரு, கொடி ஏத்துனாங்க, முட்டாயி குடுத்தாங்க, அடுத்த வாரம் காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக்கு அதே துரைதான் அதே தொப்பியோட வந்து நின்னாரு, ஆபீசுல கணக்கு எழுதுற அதே கிராணி பேரு கூப்பிட்டாரு. தோட்டமெல்லாம் சீமைக் கம்பெனி கையிலதான் இன்னும் எத்தனையோ வருசம் இருந்துச்சி, கத்ரிங்கிற சீமைக் கம்பெனிய நம்ம நாட்டுக்கு வாங்கினதே 1981-ல. யாரும் நடுராத்திரி கப்பலுக்கு ஓடல. சுதந்திரம் வந்து வெள்ளக்காரன் போயிட்டான், அதனாலதான் லவ்வு செத்துச்சின்னு சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கு, பழி தேதி மேல போயிடுது, ஆளு மேல போகல.

இன்னொண்ணு. துரையம்மா. எங்க பாட்டி அந்த வார்த்தைய சொல்லும்போது கைய முந்தானைக்குள்ள மடக்கிக்கிட்டு தலைய குனிஞ்சிதான் சொல்லுவாங்க, பங்களாவ விட்டு வந்து முப்பது வருசம் ஆன பொறவும். படத்துல பரிதி எமிய அப்படித்தான் கூப்பிடுறான், அத கொஞ்சுற வார்த்தையா ஆக்கிட்டாங்க. அட அத கூட விடுங்க. சுதந்திரம் வந்துடுச்சி, பரிதி பெரிய ஆளாயிட்டான், டிரஸ்ட் ஆரம்பிச்சி ஏழைங்களுக்கு ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ்னு நல்லது எல்லாம் பண்றான், அதுக்கு என்ன பேரு வெக்கிறான்? அவ பேரு எமி. எமின்னு வெச்சிருக்கலாம்ல? துரையம்மான்னு வெக்கிறான். செத்து சமாதிக்கு போன பொறவும் அவன் அவள பேரு சொல்லி கூப்பிடலயே. அங்கதான் எனக்கு வயிறு எரிஞ்சிச்சி, மத்தவங்க எல்லாம் அங்கதான் அழுதாங்க.


சிப்புட்காரி
ஞாயிறு, மதியம் 2.26

இது நல்ல பாயிண்டு, ஒத்துக்கறேன். ஆனா நான் அத வேற மாதிரி பாக்கறேன்.

ஒரு வார்த்தைய கீழ இருக்கிறவன் எடுத்து தன் வசதிக்கு மாத்திக்கிட்டான்னா அது அவனுதுதானே. உங்க பாட்டி துரையம்மான்னு சொன்னது பயத்துல. பரிதி சொல்றது சிரிச்சிக்கிட்டு, கேலியா, அவ முன்னாடியே. ரெண்டும் ஒரே வார்த்த, ஆனா சொல்ற வாய் வேற. எங்க வீட்டுல எங்க தாத்தா பாட்டிய "ஏ மகாராணி"ன்னு கூப்பிடுவாரு, அதுக்காக எங்க பாட்டிக்கு அரண்மன இருந்துச்சின்னு அர்த்தமா, பாட்டி பால்வாளி தூக்கினவங்க. அந்த பேர போர்டுல எழுதி வெச்சது அவ ஒரு நாளைக்கி வந்தா அடையாளம் தெரியணும்னுதான். எமின்னு போட்டா லண்டன்ல ஆயிரம் எமி. துரையம்மா ஒருத்திதான்.


தே ஓ கோசோங்
ஞாயிறு, மதியம் 2.41

எங்கப்பா எங்கம்மாவ அறுவது வருசமா "இந்தாடி"ன்னுதான் கூப்பிடுறாரு. அந்த பேர்ல டிரஸ்ட் வெச்சா யாரு நன்கொட குடுப்பா


கித்தாப்பால்
ஞாயிறு, மாலை 5.05

பிள்ளைகளா, எனக்கு டைப் பண்ண நேரமாகும், பேரன் ஃபோன்ல பேசி எழுத வெக்கிறேன், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

ஏழாங்கட்டை தம்பி சொன்ன பெரட்டு எனக்கும் தெரியும், எங்கப்பா கிராணி ஆபீசுல வேல பாத்தவரு. ஒரு விஷயம் மட்டும் சேத்துக்கறேன். 1941-ல கிள்ளான் பக்கம் தோட்டத்துல பெரிய ஸ்ட்ரைக் நடந்துச்சி, ஆர்.எச். நாதன்னு ஒருத்தரு, தமிழ் நேசன் பத்திரிகையில இருந்தவரு, முன்ன நின்னு நடத்துனாரு, அவர புடிச்சி நாடு கடத்திட்டாங்க. அப்பறம் ராணுவம் வந்து சுட்டுச்சி, ஆளுங்க செத்தாங்க. அவங்க கேட்ட கோரிக்க எல்லாம் சம்பளம் மட்டும் இல்ல. துரையையோ கிராணியையோ வழியில பாத்தா சைக்கிள விட்டு எறங்கி நிக்கணும்ங்கிற பழக்கத்த நிப்பாட்டணும்னு ஒரு கோரிக்க. இன்னொண்ணு, எங்க பொம்பளைங்க மேல கை வெக்கிறத நிப்பாட்டணும்னு. வெள்ளக்காரன மட்டும் சொல்லல, கறுப்பு வெள்ளக்காரனையும் சேத்துதான் சொன்னாங்க. கறுப்பு வெள்ளக்காரன்னா யாரு? நம்மாளுங்கதான், ஆபீசுல உக்காந்துகிட்டு துரை மாதிரி நடந்துக்கிட்டவங்க. எங்கப்பா ஆபீசு ஆளுங்கறதால இத சொல்றதுக்கு எனக்கு கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

சைக்கிள விட்டு எறங்கறதுக்கே ஒரு ஸ்ட்ரைக் தேவப்பட்ட காலம் அது. படத்துல பரிதி கோல்ஃப் மைதானத்துக்கு வண்ணாருங்க நெலத்த எடுக்க வந்த ராபர்ட்டோட, எமிக்கு பாத்த அந்த வெள்ளக்கார மாப்ளையோட மல்லுக்கு நின்னு சாய்க்கிறான் பாருங்க, நான் கை தட்டினேன். நடக்கற கதையா நடக்காத கதையான்னு எல்லாம் நெனச்சி தட்டல.


ஏழாங்கட்டை
ஞாயிறு, மாலை 5.20

மாமா நீங்க என் பக்கமா அந்தப் பக்கமா 😅


கித்தாப்பால்
ஞாயிறு, மாலை 5.22

நான் கூட்டத்துல ஓரமா உக்காந்து இருக்கேன்.


சிப்புட்காரி
ஞாயிறு, இரவு 8.47

மாமா கறுப்பு வெள்ளக்காரன்னு சொன்னதும் எனக்கு ஒண்ணு தோணுச்சி, ரொம்ப நேரம் எழுதலாமா வேணாமான்னு இருந்தேன்.

அண்ணே நீங்க துரைய திட்டுறீங்க, சரி. நம்ம லயத்துல லவ்வ கெடுத்தது எல்லாம் துரையா? எங்க அத்த, எங்கப்பாவோட தங்கச்சி, அவங்க காலத்துல அடுத்த லயத்து பையன் ஒருத்தர விரும்பினாங்க. அவங்க தோட்டத்துல சவரம் பண்ற குடும்பம். ஒரே கோயில், ஒரே திருவிழா, ஒரே பால்மரம், ஆயாக்கொட்டாயில ஒரே தூளியில ஆடினவங்க. வீட்டுல தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி எங்க தாத்தா அத்தய மரவள்ளிக்கிழங்கு மூட்ட வெக்கிற அறையில போட்டு பூட்டினாரு, மூணு நாளு. நாலாவது நாளு பாகான் செராய்ல ஒரு சொந்தக்காரருக்கு கட்டி குடுத்துட்டாங்க. அத்த இப்பவும் இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க. தீவாளிக்கு வந்தா இந்தப் பக்கம் பழைய லயம் இருந்த எடத்த தாண்டும்போது மட்டும் கார்ல பேச மாட்டாங்க. இப்ப அங்க செம்பன மரந்தான் நிக்குது.

அந்த அறைக்கு பூட்டு போட்டவரு சைக்கிள விட்டு எறங்கி நின்ன அதே ஆளுதான்.

அதனாலதான் பரிதி வண்ணாரப் பையன்ங்கறது எனக்கு முக்கியம். தமிழ் படத்துல பெரும்பாலும் ஹீரோன்னா யாரு, ஊரு பெரிய வீட்டு பையன், இல்லன்னா சாதி என்னன்னே சொல்லாத பையன். இங்க துணி வெளுக்கறவன் நடுவுல நிக்கறான், மண்டபத்துல நம்ம தாத்தாங்க எல்லாம் அவனுக்கு கை தட்டுறாங்க.


ஏழாங்கட்டை
ஞாயிறு, இரவு 9.15

தங்கச்சி, அத்த கதைக்கு எனக்கு பதில் இல்ல. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, அத இங்க போட்டா எங்கண்ணன் என்ன அடிக்க வந்துடுவான்.

ஆனா நீ சொன்னத வெச்சே கேக்கறேன். கை தட்டினாங்கல்ல, ஏன் தட்டினாங்க? எதிர நிக்கிறவன் வெள்ளக்காரன்ங்கறதால. படத்துல மெட்ராஸ்காரங்க யாராவது, நம்ம தமிழனுங்க யாராவது, "ஏ வண்ணான், தள்ளி நில்லு"ன்னு சொல்றாங்களா? எனக்கு ஒரு சீனும் ஞாபகம் வரல. 1947 மெட்ராஸ்ல அவன தள்ளி நிக்க சொல்ல வெள்ளக்காரன் லண்டன்லேர்ந்து வரணுமா? எல்லா அழுக்கையும் ராபர்ட் மேல போட்டு வெளுத்துட்டாங்க. உங்க தாத்தாவும் மண்டபத்துல இருந்துருந்தா தட்டியிருப்பாரு, தட்டிட்டு வீட்டுக்குப் போயி அறைய பூட்டியிருப்பாரு. எமி எடத்துல பக்கத்து தெரு செட்டியாரு மக இருந்து, பரிதி அதே பரிதியா இருந்து படம் எடுத்துருந்தா நான் வாய மூடிக்கிட்டு டிக்கெட் வாங்கியிருப்பேன். மண்டபம் காலியா இருந்துருக்கும், அது வேற.


பழைய புரொஜெக்டர்
ஞாயிறு, இரவு 9.31

இதுல ஏழாங்கட்டை ஜெயிச்சாரு. நான் நீரவ் ஷாவோட ஒதுங்கிக்கறேன்.


சிப்புட்காரி
ஞாயிறு, இரவு 9.44

ஜெயிக்கறதுக்கு இது கபடி இல்ல.

சரி அண்ணே, கவர்னர் தேதி தப்பு, சாதிய மூடிட்டாங்க, துரையம்மான்னு போர்டு போட்டது உங்களுக்கு புடிக்கல. எல்லாம் வெச்சிக்கங்க. தாலிக்கு என்ன சொல்றீங்க? பரிதியோட அம்மா குடுத்த தாலி. கழுத்துல ஏறாத தாலி. அத அறுவது வருசம் வெச்சிருந்து இது எனக்கு சொந்தமில்ல, உரியவங்ககிட்ட குடுத்துடணும்னு சாகப் போற நேரத்துல கப்பலோ பிளேனோ ஏறி வரா. அவளுக்கு அங்க குடும்பம் இருக்கு, பேத்தி இருக்கு. தூக்கிப் போட்டிருக்கலாம். ஒரு பவுனு, வித்துருக்கலாம். எனக்கு படத்துல அந்த ஒரு விஷயம் போதும்.


ஏழாங்கட்டை
ஞாயிறு, இரவு 9.58

அதுவும் எனக்கு இடிக்குதுலா. தாலிய யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? லைப்ரரி புஸ்தகமா அது? நம்ம பொம்பளைங்களுக்கு தாலி ஒண்ணு கழுத்துல இருக்கும், இல்ல அறுத்துருப்பாங்க. நடுவுல ஒரு எடம் கெடயாது. பொட்டியில வெச்சி பாத்துக்கிட்டு இருந்து அப்பறம் கொண்டாந்து குடுக்கறது எல்லாம் சீமைக்காரி யோசன. கத எழுதுனவருக்கு நம்ம வீட்டு பொம்பளைங்கள தெரியல.


கித்தாப்பால்
ஞாயிறு, இரவு 11.20

தம்பி, நடுவுல ஒரு எடம் கெடயாதுன்னு சொன்ன பாரு, அதுக்காக பேரன எழுப்பி உக்கார வெச்சிருக்கேன்.

எங்கம்மாவோட அக்கா, எனக்கு பெரியம்மா. 1943-ல கல்யாணமாகி மூணு மாசம். ஜப்பான்காரன் காலம். பெரட்டுக்களத்துக்கு லாரி வந்துச்சி, சயாம்ல ரயில் ரோடு போடணும், மூணு மாச வேல, சம்பளம் உண்டு, அரிசி உண்டு, திரும்பி கொண்டாந்து உட்டுருவோம்னாங்க. மொத லாரிக்கு ஆளுங்க தானா ஏறுனாங்க, ரெண்டாவது லாரிக்கு புடிச்சி ஏத்துனாங்க. பெரியப்பா ரெண்டாவது லாரி. 415 கிலோமீட்டர் அந்த ரயில் பாத, பர்மா வரைக்கும். எத்தன தமிழன் அந்த காட்டுல கெடக்கான்னு யாருக்கும் சரியா கணக்கு இல்ல.

இங்க சாப்பாடு இல்ல. வாழமரம் போட்ட ஜப்பான் நோட்டு மூட்ட மூட்டயா இருக்கும், அரிசி வாங்க முடியாது. பெரியம்மா கழுத்துல இருந்த தங்கத்தாலிய குடுத்து அரிசி வாங்குனாங்க. தாலி போனா கழுத்து சும்மா இருக்கக் கூடாதுல, மஞ்சக்கெழங்கு ஒரு துண்டு நறுக்கி மஞ்சக்கயித்துல கட்டிக்கிட்டாங்க. அதான் வழக்கம், தங்கம் வர வரைக்கும் மஞ்சள். சண்ட முடிஞ்சி கொஞ்சம் பேரு திரும்பி வந்தாங்க, எலும்பும் தோலுமா. ஒருத்தரு சொன்னாரு, பெரியப்பாவுக்கு காலரா, நானே குழி வெட்டுனேன்னு. இன்னொருத்தரு சொன்னாரு, இல்ல, நான் அவர வேற கேம்ப்ல பாத்தேன், காலரா வந்ததுக்கு அப்பறமும் பாத்தேன்னு. ரெண்டு பேரும் பொய் சொல்றவங்க இல்ல.

அவ்ளோதான். அதுக்கு மேல சேதி இல்ல. செத்தாருன்னு சொல்லி அறுக்கவும் முடியல, இருக்காருன்னு சொல்லி தங்கம் வாங்கிப் போடவும் மனசு வரல. மஞ்சள் துண்டு வேர்வையில தேஞ்சி போகும், ஆடி மாசம் புதுத்துண்டு நறுக்கி கட்டுவாங்க. பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டும்போது குனிஞ்சா அது முன்னால வந்து ஆடும், ஒட்டுப்பாலு ஒட்டிக்கிட்டு கறுப்பா இருக்கும், அத நகத்தால சொரண்டி எடுப்பாங்க. சின்னப் பையனா நான் பக்கத்துல பால் புடிக்கிற மங்கு கழுவிக்கிட்டு பாத்துருக்கேன். பெரிய கங்காணி கூட ஒரு தடவ ஆளு அனுப்பி கேட்டாரு, ரெண்டாந்தாரமா. கயித்த எடுத்து வெளிய காட்டிட்டு உள்ள போயி கதவ சாத்திக்கிட்டாங்க.

1987-ல போனாங்க. அப்ப பொம்பளைங்களுக்குள்ள பெரிய சண்ட, பொணத்த நடுவீட்டுல வெச்சிக்கிட்டு. சுமங்கலியா அனுப்பறதா, விதவையா அனுப்பறதான்னு. ஒருத்தி பூவ வெக்கிறா, இன்னொருத்தி எடுக்கறா. நாப்பத்தி நாலு வருசம் முடிவாகாத விஷயத்த அந்த அரமணி நேரத்துல முடிவு பண்ணணும்.

சீமைக்காரி கொண்டாந்த தாலிய நான் அதனாலதான் வேற மாதிரி பாத்தேன். படம் நல்லதா கெட்டதான்னு எனக்கு சொல்லத் தெரியல.


டுரியான் ராசா
ஞாயிறு, இரவு 11.34

தாத்தா 😢


ஏழாங்கட்டை
ஞாயிறு, இரவு 11.41

மாமா, லைப்ரரி புஸ்தகம்னு எழுதுனத வாபஸ் வாங்கிக்கறேன்.

ஆனாலும் ஒண்ணு சொல்லியாகணும், கோவிச்சிக்காதீங்க. இந்த கதைய யாரும் எடுக்கலயே. கவர்னர் மக தாலிக்கு டிராம் செட்டு போடறாங்க, லண்டன்லேர்ந்து ஆள கூட்டியாறாங்க. பெரியம்மா மஞ்சத்துண்டுக்கு ஒரு குறும்படம் இருக்கா? என் கோவம் பாதி அதுதான்.


சிப்புட்காரி
ஞாயிறு, இரவு 11.50

உங்க கோவம் எனக்கு புரியுது அண்ணே, ஆனா மாமாவுக்கு பெரியம்மா ஞாபகம் வந்தது உங்க வாதத்தால இல்ல, அந்த படத்தால. அது பொய்யின்னே வெச்சிக்கங்க. இந்த கத இத்தன வருசமா நம்ம யாருக்கும் தெரியாது, மாமா வீடு என் வீட்டுலேர்ந்து நாலு வீடு தள்ளி.

மாமா, ஒண்ணு கேக்கலாமா. கடசியில என்ன பண்ணாங்க? பூ வெச்சாங்களா?


கித்தாப்பால்
திங்கள், காலை 6.40

ராத்திரி பேரன் தூங்கிட்டான், அதான் இப்ப.

நான் அப்ப ஐஸ் கட்டி வாங்க டவுனுக்கு போயிருந்தேன்மா. மோட்டார்ல சாக்குல கட்டி கொண்டு வரதுக்குள்ள பொட்டிய மூடிட்டாங்க. அப்பறம் எங்கம்மாகிட்ட கேட்டேன். ஆம்பளப்புள்ள உனக்கு எதுக்கு அதுன்னு சொல்லிட்டு அடுப்படிக்கு போயிட்டாங்க. அம்மாவும் இப்ப இல்ல.